தைலக் குப்பி யானை

இன்று காலையிலிருந்து தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தை ஏற்றி வந்த பஸ்களை ஊருக்குள் விடாமல் இங்கே நம் வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆளாளுக்கு ஹாரன் அடிக்கிறார்கள். அது ஒரு காரணம். கம்பெனியிலிருந்து வந்த மெயில் இன்னொரு காரணம். தைலம் தேடினால் வீட்டில் எங்கேயும் இல்லை. கடைசியில் அலமாரியின் மேல்தட்டில் இருந்த உன் செஸ் பெட்டிக்குள்தான் ஒரு குப்பி கிடைத்தது. மூடியில் விரிசல் விட்ட அதே குப்பி. அடியில் கொஞ்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் வழித்துத் தேய்த்துக்கொண்டேன். வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான், நம்முடைய கறுப்பு யானையை நெற்றியில் தேய்த்திருக்கிறேன் என்று உறைத்தது.

நீ இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாய். யானையைத் தொட்டுவிட்டாய் அல்லவா, எங்கே நகர்த்தப்போகிறாய் சொல் என்று கேட்டிருப்பாய்.

அலுவலகத்துக்கு வெள்ளையடித்த சமயத்தில் அந்த யானை காணாமல் போனது. கலெக்டர் ஆபீஸில் நீ வருவாய்ப் பிரிவில் உதவியாளர், நான் பக்கத்து அறையில் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்க வந்தவள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடியதும் மூடாததுமாக உன் மேஜை மேல் பலகை விரியும். அன்றைக்கு மூலைக் கட்டம் காலியாக இருந்தது. நான் அழிப்பானை வைக்கலாம் என்றேன். நீ கைப்பையைத் துழாவித் தைலக் குப்பியை எடுத்து டொக்கென்று வைத்தாய். யானைக்கு ஒரு உடம்பு வேண்டாமா என்றாய். அதற்கப்புறம் புதுக் காய் வாங்க எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

நம் ஆபீஸில் செஸ் ஆடாதவர்கள் குறைவு. ஒழுங்காக ஆடியவர்கள் அதைவிடக் குறைவு. குதிரையைத் தூக்கி, நாலு இடத்தில் வைத்துப் பார்த்து, எதிராளியின் முகத்தையும் பார்த்து, மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, "சும்மா தொட்டுப் பார்த்தேன் மேடம்" என்பார்கள். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொட்டால் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் உன் சட்டம். ஒருமுறை நான் யானையைத் தொட்டுவிட்டுத் தொடவே இல்லை என்று சாதித்தேன். நீ வாதாடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து விரலை மோந்து பார்த்தாய். மூடி விரிசல் வழியாகத் தைலம் எப்போதும் கசிந்துகொண்டே இருந்ததால் குப்பியைத் தொட்டவர்கள் தப்ப முடியாது. அறை முழுவதும் சிரித்தது. நான் யானையை நகர்த்தி, ராணியைப் பறிகொடுத்தேன்.

உனக்கும் அதே கதிதான். நம் இருவரில் நீ நன்றாக ஆடுபவள், ஆனால் உன் கை உன் தலைக்கு முன்னால் ஓடும். "என் கைக்கு அவசரம் ஜாஸ்திடி, மூளைக்குக் கம்மி" என்று நீயே சொல்வாய். தப்பான காயைத் தொட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் எழுப்புவாய். அப்புறம் அந்தக் காயை வைத்தே எதையாவது சாதிக்க முடியுமா என்று பலகைமேல் கவிழ்ந்துவிடுவாய். மணி அடித்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பின்னும் நீ நிமிரமாட்டாய். நான் ஒப்பந்த வேலையை விட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செல்போன் விளையாட்டுகளுக்கு நிரல் எழுதப் போன பிறகும், சாப்பாட்டு நேரத்துக்கு ரோட்டைத் தாண்டி உன்னிடம் வந்துவிடுவேன். என் புது வேலையே செஸ் விளையாட்டுக்கு என்று சொன்னபோது நீ சந்தோஷப்பட்டாய். எனக்கு இனிமேல் இலவசமாக ஒரு எதிராளி என்றாய்.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் அடி அண்ணாமலைக் கோயிலுக்கும் நடையாய் நடந்தாய். நீண்ட விடுப்பு போட்டாய். ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகக்கூடாதா? நோயாளிக்கு மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று பலகையை விரித்தார்கள். எல்லோரும் உன்னிடம் தோற்றார்கள்.

உன்னால் அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முடி கொட்டியதைப் பற்றி நீ ஒரு வார்த்தை புலம்பியதில்லை. ஊசி போட்ட நரம்பெல்லாம் கறுத்துப்போனதைக் காட்டிக் கேலி செய்தாய். ஆனால் கண்காணிப்பாளர் வந்த அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பிரிவில் செஸ்ஸில் அவரை அடிக்க யாரும் துணியமாட்டார்கள். அடித்தால் அன்று முழுவதும் கோப்பில் குற்றம் கண்டுபிடிப்பார். அந்த மனிதர் தன் ராணியைக் கொண்டுவந்து உன் சிப்பாய் முன்னால் வைத்துவிட்டு, "அடடா, கவனிக்கலையேம்மா" என்றார். நீ அந்த ராணியை வெட்டவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லிக் காய்களை எல்லாம் பெட்டிக்குள் தள்ளினாய். அவர் வாசலைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய்.

"இப்பவே எனக்குக் காரியம் பண்றாங்கடி," என்றாய்.

அதோடு நின்றிருந்தால் நான் உன்மேல் இன்னும் கோபமாக இருக்கமாட்டேன். நீ என்னையும் அந்த வரிசையில் சேர்த்தாய். உன்னிடம் நான் எப்போதும் தோற்கிறவள்தானே? நீ ஆரோக்கியமாக இருந்த காலத்தில் தோற்றேன், அப்போதும் தோற்றேன். ஆனால் இப்போது நான் தோற்றதும் நீ பலகையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாய். காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டு மூடினாய். முன்பெல்லாம் ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்கு அடுக்க ஆரம்பித்துவிடுகிறவள் நீ. நோய் வந்த பிறகு யாரிடமும் இரண்டாவது ஆட்டம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. நான் ஒரு ஆட்டம்கூட உனக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சாமி சத்தியம் செய்தேன். ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாய். அந்த ஆமாமைக் கேட்டு நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

மனிதர்களை நம்பமுடியாது என்று ஆனதும் செல்போனை எடுத்தாய். எங்கள் கம்பெனியின் விளையாட்டையே இறக்கிக்கொண்டாய். அங்கேதான் எனக்கு அடுத்த தலைவலி ஆரம்பித்தது. கடினமான மேல் படியில் வைத்தால் அது உன்னைக் கால்மணி நேரத்தில் நசுக்கிவிட்டது. சுலபமான கீழ்ப் படியில் வைத்தால் நன்றாக ஆடிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு காயைத் தூக்கி உன் வாயில் போட்டது. நீ எனக்குப் போன் செய்தாய், புகார் கொடுப்பதற்கு.

"இந்த மந்திரியைச் சும்மா தள்ளுதுடி. யார் சொல்லிக் குடுத்தது? நீதானே?"

நான்தான். கம்பெனி கேட்டது அது, எழுதியது நான். கீழ்ப் படி என்றால் அது வேறொன்றும் இல்லை. முழுப் பலத்தோடு கணக்குப் போட்டு நல்ல நகர்த்தல் எது என்று தெரிந்துகொண்ட பிறகு, அவ்வப்போது வேண்டுமென்றே மட்டமான ஒன்றைப் பொறுக்கி ஆடும். இதைச் சொன்னதும், அதுவும் நம் கண்காணிப்பாளர்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாற்றி மாற்றி எழுதினேன். நிறைய யோசிக்கவிடாமல் கட்டுப்படுத்தினேன். அப்போது அது ஒரேயடியாக மந்தமாகி, இரண்டு நகர்த்தலுக்கு அப்பால் எதையும் பார்க்காமல் ஆடியது. குருடரோடு சண்டை போடச் சொல்கிறாயா என்றாய். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். அரை நொடியில் நீ கண்டுபிடித்துவிட்டாய், இது யோசிக்கவில்லை, யோசிக்கிற மாதிரி நடிக்கிறது என்று. உனக்கு என்னதான் வேண்டும் என்று ஒருநாள் கத்தியே விட்டேன். நோயாளியிடம் கத்துகிறோமே என்று கூடத் தோன்றவில்லை. நீயும் பதிலுக்குக் கத்தினாய். ஜெயிக்கணும்னு உட்காரணும், அப்புறம் தப்பு பண்ணணும், அது ஒண்ணுதான் எனக்கு வேணும் என்றாய். அப்படி ஒரு இயந்திரத்தை எப்படிச் செய்வது என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கோபித்துக்கொண்டு சில நாட்கள் உன் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தேன்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் நீ கொஞ்சம் தெளிவாக இருந்தாய். ஆடினோம். கறுப்புக் காய் உனக்கு. உன் மந்திரிக்குப் பிரமாதமான வழி ஒன்று திறந்திருந்தது, எனக்கே தெரிந்தது. உன் கை பாய்ந்து தைலக் குப்பியைத் தொட்டது. தொட்ட நொடியில் மந்திரியைப் பார்த்தாய். 'ஸ்ஸ்' என்றாய். பிறகு வழக்கம்போலக் கவிழ்ந்து உட்கார்ந்து, யானைக்கு என்ன வழி என்று தேடினாய். நான் உன் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அந்த நேரத்தில் உன் முழுப் பலத்தோடும்தான் ஆடிக்கொண்டிருந்தாய். தப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, உன் கை அதைச் செய்துவிட்டது. ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து உன்னைக் கட்டிக்கொண்டேன். பைத்தியமா உனக்கு, ஆட்டம் கெடுகிறது என்றாய்.

இயந்திரம் முதலில் தொடட்டும். மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து, கண்ணில் படுகிற காயைத் தொடட்டும். தொட்டதைத் திரையில் காட்டிவிடட்டும். அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கட்டும், ஆனால் அந்தக் காயைத்தான் நகர்த்த வேண்டும். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நீ தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாய். கண் முதலில் எங்கே போகும் என்று நாம் இருவரும் சண்டை போட்டோம். எதிராளி இப்போது நகர்த்திய காயின் பக்கம் போகும் என்றேன். செக் வைக்க முடிகிற காய்மேல் போகும், ஆசை விடாது என்றாய். மூலையில் ஆட்டம் முழுவதும் தூங்குகிற காயை யாரும் பார்ப்பதில்லை, பின்னால் போகிற நகர்த்தல் யாருக்கும் தெரிவதில்லை என்று நீ சொல்லச் சொல்ல நான் மடிக்கணினியில் அடித்தேன். உனக்கு உடம்பு ஒத்துழைத்த நாட்களில் எல்லாம் இதே வேலைதான் நமக்கு. உன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ஆபீஸ் வேலையைக்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார்.

முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? திரையில் அதன் குதிரை மட்டும் சற்று மேலே எழும்பி நின்றது. 'தொட்டுவிட்டேன்' என்று ஒரு வரி வந்தது. நீ பலகையைப் பார்த்தாய். அது நகர்த்த வேண்டியது குதிரை இல்லை, சிப்பாய். மாட்டிக்கொண்டது, மாட்டிக்கொண்டது என்று படுக்கையில் உட்கார்ந்தபடி கைதட்டினாய். ஆனால் அது அந்தக் குதிரையை வைத்தே தப்பித்தது. பிறகு நீயும் அவசரப்பட்டுத் தப்பாகத் தொட்டாய். மனிதருக்கும் அங்கே அதே சட்டம்தானே. கடைசியில் அது உனக்கு மேட் வைத்தது. நான் உன் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"இத்தனை நாள் கழிச்சு இப்பதான்டி ஒருத்தர் என்னை ஒழுங்கா அடிச்சாங்க," என்றாய்.

அதற்கப்புறம் நீ அதை ஜெயிக்கவும் செய்தாய். ஜெயித்துவிட்டு ஊருக்கெல்லாம் போன் போட்டாய். கண்காணிப்பாளருக்கும் போட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். கம்பெனியும் அந்தப் படியை விளையாட்டில் சேர்த்துக்கொண்டது. எனக்கு அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் இயந்திரத்தை நம்பினாயே, என்னை நம்பினாயா என்ற கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் அந்த ஆமாம் வரும்.

கடைசியாக நாம் ஆடியதும் ஒரு பௌர்ணமியன்று. நீ வேலூர் ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாள். மத்தியானத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டியை விடமாட்டார்கள் என்று உன் வீட்டுக்காரர் காலையிலேயே காரை வாசலில் நிறுத்தியிருந்தார். பை, மருந்து, ஃபைல் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. நீ மட்டும் கட்டிலை விட்டு அசையவில்லை. ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வருகிறேன் என்று அடம் பிடித்தாய். அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று கறுப்பு எனக்கு. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது, நான் ஜெயிக்கவேண்டிய ஆட்டம் அது. வாழ்க்கையில் முதல்முறையாக உன்னை நெருக்கி ஒரு ஓரத்துக்குத் தள்ளியிருந்தேன். மந்திரியை நீட்டினால் முடிந்தது. வாசலில் அவர் ஹாரன் அடித்தார். நான் மந்திரிக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த குப்பியைத் தொட்டேன். ஐயோ என்று என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். யானையை எங்கே நகர்த்தினாலும் உன் ராணிக்கு வழி திறந்தது. எவ்வளவோ தேடினேன், வேறு கதியில்லை. நகர்த்தினேன். மேட் வைத்தாய்.

"கையைக் காட்டு," என்றாய்.

நீட்டினேன். விரலை மோந்து பார்த்தாய். பிறகு கையை விடாமல் என் முகத்தைப் பார்த்தாய். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, தோற்ற ஆத்திரத்தில். சத்தியமாக உனக்காக இல்லை.

"இன்னொரு ஆட்டம் போடு," என்றாய்.

உன் வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார். ரோட்டை மூடிவிடுவார்கள், வண்டி நிற்கிறது என்றார். நீ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். அடுக்கி வை, வந்து ஆடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் அடுக்கி வைத்தேன். நீ திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தபோது பலகை அப்படியே இருந்தது. உன் வீட்டுக்காரர்தான் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார்.

ஏன்டி, 'நம்பறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? நீ இரண்டாவது ஆட்டம் கேட்டாய், அதற்கு அர்த்தம் அதுதான் என்று நானே கண்டுபிடித்து, நானே சந்தேகப்பட்டு, மறுபடியும் நானே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சமையல் செய்யும்போது திடீரென்று நினைப்பு வரும். கரண்டியைப் போட்டுவிட்டு உன்னோடு சண்டை பிடிப்பேன்.

இப்போது இந்த மெயில். தொடும் படியை எடுத்துவிட்டுப் பழைய கீழ்ப் படியையே திரும்ப வைக்கச் சொல்கிறார்கள். தொட்ட காயை மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானும் வேண்டுமாம். நேற்று மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசுவார். ஜனங்கள் ஜெயிக்கத்தான் வருகிறார்கள், அடுத்தடுத்துத் தோற்றால் விளையாட்டை அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், கைதவறித் தொட்டதற்கெல்லாம் தண்டனை கொடுத்தால் யார் இருப்பார்கள் என்றார். விட்டுக்கொடுத்து ஆடுவது நியாயமில்லை என்றேன். அது நியாயம் இல்லை என்று யார் புகார் கொடுத்தார்கள் என்று கேட்டார். ஒருவர் கொடுத்தார், அவருக்காகத்தான் இதையே செய்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"அவங்க இப்பவும் யூஸ் பண்றாங்களா மேடம்?" என்றார்.

அவர்மேல் தப்பில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் தலைவலி.

எங்கேயோ யாரோ ஒருவர் படுக்கையில் இருப்பார். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அவரிடம் தோற்றுக்கொண்டிருப்பார்கள். அவர் போனை எடுத்தால், அதுவும் ராணியைத் தூக்கிக் கொடுக்கும். அதை எழுதிய கை மறுபடியும் என்னுடையதாக இருக்கும். என்னால் முடியாது. வேலை போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் படிக்கிறாள். அதனால்தான் காலையிலிருந்து இந்த மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

சற்று முன் பலகையை மேஜைமேல் விரித்தேன். நீ கேட்ட இன்னொரு ஆட்டத்தை அடுக்கினேன். உன் பக்கம் வெள்ளை, என் பக்கம் கறுப்பு. மூலையில் காலிக் குப்பி. பிறகு மடிக்கணினியை இழுத்து, பொத்தானும் வைக்கமாட்டேன், பழைய படியையும் எழுதமாட்டேன் என்று பதில் அடித்தேன். இரண்டே வரி. அனுப்பும் இடத்தில் விரலை வைத்தேன். வைத்ததும் பயம் வந்தது. இன்னும் ஒருமுறை யோசிக்கலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று விரலை எடுக்கப் போனேன்.

எடுத்த விரலை மோந்து பார்த்தேன். தைல வாசனை. அனுப்பிவிட்டேன்.